கம்பத்தைத் தாண்டிய வண்டி

பட்டறையில் அவளுக்கு மைக்ரோ என்று பெயர். வைத்தவர் முதலாளி. கையில் எது கிடைத்தாலும் மைக்ரோமீட்டரை வைத்து அளந்து பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள் என்பதால் வந்த பெயர். "டீ குடிக்கிறதுக்கு முன்னாடி டம்ளரை அளந்துக்குவா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவள் குனிந்தபடி சிரிப்பாள். கை மட்டும் வேலையை விடாது.

பேச்சு அவளுக்கு அளவாகத்தான் வரும். இன்ஜினை எடுத்துப் போக வருகிறவர்கள், "யாரும்மா கட்டினது?" என்று கேட்டால், "பட்டறையில கட்டினது" என்பாள். பொய்யில்லை. சிலிண்டரைக் கடைவது ஒருவர், ஹெட்டைப் பார்ப்பது ஒருவர், கடைசியில் பூட்டுவது ஒருவர் என்றுதான் அங்கே வழக்கம். முதல் நட்டு கழற்றியதிலிருந்து கடைசி நட்டு முறுக்கியதுவரை தன் கையாலேயே செய்தது என்று சொல்லிக்கொள்ள அவளிடம் ஒரு இன்ஜினும் இருக்கவில்லை. அண்ணனுடைய வண்டி வந்து நிற்கும்வரை.

அது பழைய பிக்கப். அண்ணனும் அண்ணியும் சலவைக்கூடம் நடத்தினார்கள். மேட்டின் உச்சியில் இருந்த மருத்துவமனையின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, பச்சை அங்கி எல்லாம் அழுக்காகக் கீழே வரும். வெளுத்து, கஞ்சி போட்டு, மூட்டையாக மேலே போகும். கீழே வருவதில் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. மேலே போவதில்தான் வினை. நீண்ட மேடு. அதன் பாதியில் ஒரு மின்கம்பம் வளைந்து நிற்கும். என்றைக்கோ ஏதோ ஒரு லாரி இடித்தது, யாரும் நிமிர்த்தவில்லை. அந்த இடத்தில் சாலை இன்னும் செங்குத்தாகும். மூன்றாம் கியரில் வந்துகொண்டிருக்கும் வண்டி, சரியாக அந்தக் கம்பத்தருகே, வயிற்றுக்குள் யாரோ கோலிக்குண்டு உருட்டுவதுபோல் கடகடவென்று சத்தம் போடும். அண்ணன் உடனே காலைத் தளர்த்துவான். இரண்டாம் கியர், பிறகு ஒன்று. முழுச்சுமை இருந்தால் ஒன்றிலும் நின்றுவிடும். அதனால் காலையில் பாதி, மதியத்துக்குமுன் மீதி என்று இரண்டு நடை அடிப்பது பல வருஷப் பழக்கம்.

மருத்துவமனைத் துணி அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் நல்லவர். ஆனாலும் சொல்லிவிட்டார். அறுவை அரங்குகள் கூடிவிட்டன. வருகிற மாதம் முதல் திங்கட்கிழமையிலிருந்து எல்லா மூட்டையும் ஒரே நடையில், அரங்கு திறப்பதற்குமுன் வந்தாக வேண்டும். முடியாதென்றால் பெரிய சலவைக் கம்பெனி ஒன்று வரிசையில் நிற்கிறது.

புது வண்டி வாங்க வழியில்லை. அண்ணியின் தம்பி நாலைந்து லாரி வைத்திருப்பவர். "சலவையெல்லாம் எதுக்கு மாமா? பேசாம என்கிட்ட டிரைவரா வந்துடுங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் அண்ணனுக்கு இன்னும் உறைத்தது. இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு கூடுதல் குறைவு சொல்லாமல் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் வண்டியைக் கொண்டுவந்து பட்டறையில் விட்டான்.

"பாப்பா, ரேஸ் வண்டி மாதிரி பண்ணிடு."

"அவ்வளவெல்லாம் வேண்டாம்ணா. கிளட்ச் தாங்காது. ரேடியேட்டர் கொதிக்கும். கொஞ்சம் கூட்டினா போதும்."

"எவ்வளவு கொஞ்சம்?"

அவள் யோசித்தாள். "கம்பத்தைத் தாண்டற அளவு."

மற்ற வேலைகளை முடித்துவிட்டு, கிடைத்த நேரமெல்லாம் அந்த இன்ஜினோடு இருந்தாள். தேய்ந்த சிலிண்டர்களை ஒரு சுற்று பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் போட்டாள். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் அடிப்பரப்பை மயிரிழை அளவுக்குச் சீவி, காற்றும் பெட்ரோலும் முன்னைவிடச் சற்று இறுக்கமாக அழுந்தும்படி செய்தாள். உள்ளே கரி அப்பிக் கிடந்ததைச் சுரண்டி எடுத்தாள். கோலிக்குண்டுச் சத்தத்தின் பாதி அந்தக் கரியில்தான் இருந்தது. மீதி, தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும், ஆட்டம் கண்டு போயிருந்த டிஸ்ட்ரிபியூட்டரில். அதையும் மாற்றினாள். கார்புரேட்டரில், பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஒரு அளவு பெரிதாகப் போட்டாள். வால்வு ஒவ்வொன்றையும் பசை தடவி, அது உட்காரும் குழியில் வைத்து, சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் தெரியும்வரை தேய்த்தாள்.

காற்று போகும் வழியில், வார்ப்பிலேயே விட்டுப்போன மேடு பள்ளங்கள் இருந்தன. அவற்றை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்து நின்றார்.

"இதைப் போய் இப்படித் தேய்க்கணுமா? காத்துக்குக் கண்ணா இருக்கு?"

"இல்லாததாலதான் சார் முட்டிக்குது."

முதலாளி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இவளுக்குப் பேசவும் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியில் ஏற்றிப் பூட்டி, முதன்முதலாகச் சாவியைத் திருப்பியபோது அரைச்சுற்றிலேயே பற்றிக்கொண்டது. இரைச்சலில்லை, உதறலில்லை. முதலாளி தன் டீ டம்ளரைக் கொண்டுவந்து காற்று வடிகட்டியின் மூடிமேல் வைத்தார். டீயில் மெல்லிய வளையங்கள் ஓடின. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"இத்தனை நாள் நீ டம்ளரை அளந்த. இப்போ டம்ளர் உன்னை அளக்குது" என்றார்.

அன்று முழுக்க அவளுக்கு முகம் சூடாகவே இருந்தது. ஒரு வாரம் சமதரையில், குறைந்த சுமையோடு அண்ணன் ஓட்டிப் பழக்கினான். திரும்பி வரும்போதெல்லாம் கடகட சத்தம் அறவே இல்லை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான். திங்களுக்கு முந்தின சனிக்கிழமை காலை, முழு மூட்டையும் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பினான்.

பட்டறை மேட்டின் அடிவாரத்தில். அவள் வாசலில் நின்று காது கொடுத்தாள். வண்டி மூன்றாம் கியரில் ஏறிற்று. கனத்த, நிதானமான ஒரே சுருதி. கம்பத்தருகே சுருதி விழுந்தது. இரண்டாம் கியர். பிறகு ஒன்று.

அவள் கையில் இருந்த துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

அண்ணன் திரும்பி வர வெகுநேரமாயிற்று. ஒன்றாம் கியரில் ஊர்ந்து ஊர்ந்து ரேடியேட்டர் சூடேறி, ஓரமாக நிறுத்தி ஆற வைத்திருக்கிறான். இறங்கியதும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு பானெட்டைத் தட்டிக் கொடுத்தான்.

"வெண்ணெய் மாதிரி ஓடுது பாப்பா. முன்னைக்கு எவ்வளவோ தேவலை. நிக்கலையே, போய்ச் சேந்துட்டோமே."

"நேரத்துக்குப் போகலையேண்ணா."

"வண்டிக்கு வயசாயிடுச்சும்மா. உன்னால ஆனதை நீ செஞ்சுட்ட. அவ்வளவுதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"கம்பத்துக்கிட்ட முழுசா மிதிச்சியா?"

"தரையோட தரையா மிதிச்சேன். எத்தனை வருஷமா ஓட்டறேன், மிதிக்கத் தெரியாதா?"

அவன் போனபின் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். நாலு சிலிண்டரிலும் அழுத்தம் ஒன்றுபோல் இருந்தது. தீப்பொறி சரியான நேரத்தில் விழுந்தது. பெட்ரோல் தடையில்லாமல் வந்தது. ஆக்ஸிலரேட்டர் மிதியைக் கையால் தரைவரை அழுத்திப் பார்த்தாள். கார்புரேட்டரின் தகடு முழுதாகத் திறந்தது. பிரேக் பிடித்துக்கொள்கிறதோ என்று சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிவிட்டாள். தடையில்லாமல் சுற்றின. குறை எங்கும் இல்லை. குறை இருந்தாலாவது திருத்தலாம்.

"மைக்ரோ, அளக்காத இடம் எதுவும் பாக்கி இருக்கா?" என்றார் முதலாளி, கடையை அடைத்துக்கொண்டே. கிண்டல்தான். ஆனால் அண்ணன் வந்து வண்டியை எடுத்துப் போனபின், வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அவள் அதையே நினைத்தாள். இன்ஜினை அளந்தாயிற்று. மிதியை அளந்தாயிற்று. மிதியின்மேல் இருக்கும் காலை யாரும் அளக்கவில்லை.

பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று தெரியாவிட்டால், மெழுகு இழை ஒன்றை நடுவே வைத்து முறுக்கி, எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். சலவைக்கூடத்தில் அதைவிட மெத்தென்ற பொருளுக்குப் பஞ்சமில்லை. இருட்டுவதற்குள் அங்கே போய், ஈரத்தில் ஊறிக் கிடந்த துணி சோப்பில் விரல்நுனி அளவு கிள்ளினாள். வண்டியின் மிதி தரையைத் தொடும் இடத்தில், கீழே விரித்திருந்த ரப்பர் பாய்க்கும் மிதிக்கும் நடுவே ஒட்டினாள்.

"அண்ணா, இருக்கிற மூட்டையோட இன்னொரு தடவை ஏறிப் பாப்போமா? நானும் வரேன்."

அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை. தங்கைக்கு ஆறுதல் என்று நினைத்திருப்பான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சாலையைப் பார்க்காமல் அவன் செருப்பைப் பார்த்தாள். மூன்றாம் கியரில் வண்டி ஒரு முனகலும் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. கம்பம் கண்ணில் பட்டதுதான் தாமதம், இன்ஜின் எதுவுமே சொல்லாதபோது, செருப்பு தானாக மேலே எழுந்தது. மெல்ல, தூங்கும் குழந்தைமேலிருந்து கையை எடுப்பதுபோல. வேகம் குறைந்தது. அப்புறம் அவன் மிதித்தான். ஆனால் பாதிதான், மீதிப் பாதியில் அவனுக்கு இன்னும் பழைய கோலிக்குண்டுகள் காத்திருந்தன.

"பாத்தியா? தரையோட மிதிக்கிறேன். போக மாட்டேங்குது" என்றான் அண்ணன். மனமறிந்து பொய் சொல்லும் முகமில்லை அது.

கீழே வந்தபின் சோப்பை எடுத்துப் பார்த்தாள். அவள் விரல்ரேகைகூட அழியாமல் இருந்தது.

அவளுக்கு ஒரு பக்கம் குதிக்க வேண்டும்போல் இருந்தது. மறுபக்கம் அண்ணனை நினைத்தால் பாவமாக இருந்தது. இத்தனை வருஷமும் அந்த வண்டி உயிரோடு இருந்ததே இந்தக் கால் பயந்து பயந்து மிதித்ததால்தான். இன்ஜினைப் புதுப்பித்துவிட்டாள். அண்ணனின் கால் பழைய இன்ஜினோடேயே நின்றுவிட்டது. இதை எப்படிச் சொல்வது? சொன்னாலும், 'எனக்கா மிதிக்கத் தெரியாது' என்பான். சோப்பைக் காட்டினால் நம்புவான். நம்பிவிட்டு நாலு நாள் தலைநிமிர மாட்டான். தலைகுனிந்த ஆள் எங்கே மிதிப்பது?

அண்ணியிடம் போனாள். அண்ணி இஸ்திரி மேசையில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். சோப்பை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள்.

அண்ணி சோப்பை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "எங்க சோப்புக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்குன்னு தெரியாமப் போச்சே" என்றாள். பிறகு, "கம்பம் வர்ற நேரத்துல கம்பம் ஞாபகமே வரக் கூடாது. அவ்வளவுதானே?"

"ஆமா அண்ணி."

"அதை என்கிட்ட விடு. அந்த மனுஷனுக்கு எதையாவது ஞாபகப்படுத்தறதுதான் கஷ்டம். மறக்க வைக்கிறது ரொம்ப சுலபம்."

மறுநாள் ஞாயிறு. காலையில் மூன்று பேரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அண்ணன், நடுவில் அவள், ஜன்னலோரம் அண்ணி. பின்னால் முழு மூட்டை. மிதிக்குக் கீழே புதுச் சோப்பு. மேடு தொடங்கும்வரை அண்ணி வாயைத் திறக்கவில்லை. அதுவே அவளுக்குத் திகிலாக இருந்தது.

"தம்பிகிட்ட சரின்னு சொல்லிட்டேன்" என்றாள் அண்ணி, வெளியே பார்த்தபடி.

"எதுக்குச் சரின்னு சொன்ன?"

"டிரைவர் வேலைக்குத்தான். நாளைக்கு இது நடக்கலைன்னா என்ன பண்றது? முன்னாடியே சொல்லி வெச்சா நல்லதுதானே?"

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"யூனிபார்ம் அளவுகூடக் குடுத்தாச்சு. சட்டை கொஞ்சம் பெருசாவே தைக்கச் சொல்லியிருக்கேன், வயிறு இருக்கில்ல?"

"ஏய்!"

"தொப்பியும் உண்டாம். காலையில கேட்டுல நின்னு சலாம் வைக்கணுமாம். எல்லா டிரைவரும் வைப்பாங்களாம். மாமாங்கறதுக்காக விட முடியுமா?"

"சலாமா? உன் தம்பிக்கா? மூக்கு ஒழுகிட்டு என் தோள்ல உக்காந்து ஊரைச் சுத்தினவனுக்கு நான் சலாமா?"

"அப்போ தோள்ல உக்காந்தான். இப்போ நாற்காலியில உக்காந்திருக்கான்."

"நான் சலவைக்காரன்டீ! என் வண்டிக்கு நான்தான் முதலாளி! சலாமாம், தொப்பியாம்! அவன் லாரி அத்தனையும் வரிசையா வந்தாலும் என் வண்டி..."

அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் கோபம் முழுக்க அதில் இறங்கியிருந்தது. தரையோடு தரையாக. ஜன்னலுக்கு வெளியே வளைந்த கம்பம் ஏதோ தெரியாதவன்போல் வந்து, பின்னால் போயிற்று. இன்ஜினின் சுருதி விழவில்லை. தாழ்ந்து, கனத்து, சுமையை முதுகில் சரியாக வாங்கிக்கொண்ட ஆள்போல் ஒரே சீராக இழுத்தது. வேகம் சற்றுக் குறைந்தது. பிறகு அங்கேயே நின்று பிடித்துக்கொண்டது. மூன்றாம் கியர். அவள் தேய்த்த வழியில் எங்கும் முட்டாமல் காற்று போவதைத் தன் உடம்புக்குள் போவதுபோல் உணர்ந்தாள்.

மேட்டின் உச்சியில் மருத்துவமனை வாசல் தெரிந்தபோதுதான் அண்ணன் பேச்சை நிறுத்தினான். கையைப் பார்த்தான். கியர்க் கம்பியைப் பார்த்தான்.

"கம்பம் எப்போ போச்சு?"

"நீங்க என் தம்பி மூக்கைப் பத்திப் பேசிட்டு இருந்தப்போ" என்றாள் அண்ணி.

அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தி, ரேடியேட்டர் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தான். நடுவிலேயே நின்றது. இறங்கிப் போய் முன்னால் நின்று வண்டியை ஒருமுறை பார்த்தான். திரும்பி வந்து ஏறினான். வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பினான். அண்ணி அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். இறங்கியபின் யாருக்கும் தெரியாமல் அவள் சோப்பை எடுத்தாள். தாள்போல் தட்டையாகியிருந்தது. புதிதாக ஒரு துண்டை ஒட்டினாள்.

"நாளைக்கும் வருவீங்களா அண்ணி?"

"தினமும் சண்டை போட எனக்கு நேரமேது? துணி யாரு துவைக்கிறது? இனிமே அவர் காலாச்சு, உன் இன்ஜினாச்சு."

திங்கட்கிழமை விடிந்ததும் பட்டறையைத் திறந்தது அவள்தான். முதலாளி வந்து, அவள் வாசலில் நிற்பதைப் பார்த்து, எதுவும் கேட்காமல் பக்கத்தில் வந்து நின்றார். வண்டி எதிரே கடந்தது. மூட்டைகள் கூரைக்குமேல் உயர்ந்து கயிற்றில் இறுகியிருந்தன. அண்ணன் தனியாக இருந்தான். இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு ஆம்புலன்ஸ், சங்கு ஊதாமல் சும்மா போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் கியர். அவள் மனதுக்குள் சாலையை ஓட்டினாள். பெட்டிக்கடை. மூடிய கேட். பாலம். இப்போது கம்பம் தெரியும். இப்போது.

சுருதி அசைந்தது.

ஒரு மூச்சு இழுக்கும் நேரம் சத்தம் இளைத்தது. கால் எழுந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதலாளி அவளைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த கணம் சத்தம் திரும்பி வந்தது. முன்னைவிடக் கனமாக, முழுசாக. எழுந்த கால் தானே மனசு மாறி, தானே கீழே இறங்கியிருக்கிறது. யாரும் திட்டவில்லை, யாரும் மறக்கடிக்கவில்லை. கம்பத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மிதித்திருக்கிறான். சத்தம் மேட்டில் ஒரே சீராக ஏறி ஏறி, மெலிந்து, கேட்காமல் போயிற்று.

"ம்" என்றார் முதலாளி. அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்தார். அளக்கச் சொல்லவில்லை.

அண்ணன் அழுக்கு மூட்டைகளோடு திரும்பியபோது அந்த ஆம்புலன்ஸும் பின்னாலேயே வந்து நின்றது. அண்ணன் வண்டியிலிருந்து இறங்கி நேராக அவளிடம் வந்தான். எதையோ அவள் உள்ளங்கையில் வைத்தான். தாள்போல் நசுங்கிய சோப்பு.

"பாய் உதறும்போது நேத்தே பார்த்தேன்" என்றான். "எங்க கடை சோப்பு எனக்குத் தெரியாதா? என்னடா இதுன்னு யோசிச்சேன். அப்புறம் உக்காந்து, சோப்பைத் தொடற வரைக்கும் மெல்ல மிதிச்சுப் பார்த்தேன். மேட்டுல அவ்வளவு தூரம் என் கால் போனதா ஞாபகமே இல்ல பாப்பா." கொஞ்சம் நிறுத்தினான். "இன்னைக்குப் போச்சு."

அவள் அவன் காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். வெட்கமில்லை. துணி அறை அம்மாள் இனி இப்படியே வரட்டும் என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அண்ணனின் மீசைகூடச் சிரித்தது.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அதற்குள் பிக்கப்பைச் சுற்றிவந்து, அனுமதி கேட்காமலே பானெட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வண்டிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு நான் எத்தனை நாள் தலையில அடிச்சுக்கிட்டிருக்கேன் தெரியுமா?" என்றார். "இன்னைக்குக் கம்பத்துக்கிட்ட முந்தலாம்னு பார்த்தா, முந்தவே விடல. என் வண்டியும் மேட்டுல இழுக்க மாட்டேங்குது. யாரு கட்டினது இதை?"

முதலாளி வாயைத் திறந்தார். அண்ணனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திறந்தான்.

"நான் கட்டினது" என்றாள் அவள்.

குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. ஆனால் உதறவில்லை.